ஒரு மாத்திரை, இரண்டு மருந்து: கூட்டு வலி மாத்திரைகள் பற்றி வாசகர் கேள்விகள்

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் எலும்பு முறிவிலும் பல்லை எடுத்த பிறகும் எழுதித் தரப்படும் கடும் வலி மாத்திரைகளில் பல, கூட்டு மாத்திரைகள். டிரமடால், கோடீன், ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் போன்ற ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி நிவாரணி) மருந்துகளில் ஒன்றும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும். சிலவற்றில் பாராசிட்டமாலுக்குப் பதிலாக இபுபுரூஃபன் இருக்கும். விழுங்குவது ஒன்றுதான் என்றாலும் உடம்புக்குள் போவது இரண்டு. இரண்டுக்கும் தனித்தனி உச்ச அளவு உண்டு, தனித்தனி ஆபத்தும் உண்டு. எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைக் கவனிக்காததால் வந்த சிக்கல்கள்தான்.

கேள்வி: முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டிரண்டாகப் போடச் சொன்னார்கள். நடுவில் காய்ச்சல் வந்ததால் வீட்டிலிருந்த 650 மி.கி. காய்ச்சல் மாத்திரையையும் மூன்று வேளை போட்டுக்கொண்டேன். அளவு கூடிவிட்டதா?

பதில்: கூடிவிட்டது. கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்த வகை மாத்திரையில் வழக்கமாக 37.5 மி.கி. டிரமடாலும் 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கும். இரண்டு வீதம் நான்கு வேளை என்றால் எட்டு மாத்திரை. ஒரு நாளைக்கு அதற்கு மேல் போகக் கூடாது என்பதுதான் இந்த மாத்திரையின் உச்ச வரம்பு. எட்டில் டிரமடால் 300 மி.கி., பாராசிட்டமால் 2,600 மி.கி. இது வரைக்கும் சரி. காய்ச்சல் மாத்திரை மூன்றில் வந்தது 1,950 மி.கி. மொத்தம் 4,550. உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் 4,000 மி.கி. பாராசிட்டமாலைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள், தினமும் மது அருந்துபவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், பல நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்கள் ஆகியோருக்கு அந்த 4,000-மும் அதிகம். டாக்டர்கள் அவர்களுக்கு 2,000 அல்லது 3,000-க்குள் நிறுத்திவிடுவார்கள்.

காய்ச்சல் மாத்திரை என்ற பெயரில் நீங்கள் போட்டது பாராசிட்டமால்தான். சளி மாத்திரை, தலைவலி மாத்திரை, உடம்புவலி மாத்திரை என்று கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பலவற்றிலும் அதுவே ஒளிந்திருக்கிறது. அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்த்தால் தெரியாது. திருப்பிப் பிடித்து, சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும். அசிட்டமினோஃபென் என்று போட்டிருந்தாலும் அது பாராசிட்டமாலின் இன்னொரு பெயர்தான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாமல் வெளியேற்றிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளூட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. அளவு கூடும்போது குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்குகிறது. இதில் கொடுமை என்னவென்றால், முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. லேசான குமட்டல் இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். கல்லீரல் பாதிப்பு உச்சத்துக்கு வருவது மூன்றாம், நான்காம் நாளில். இதை முறிக்கும் மருந்து உண்டு. அசிட்டைல்சிஸ்டைன் என்பது அதன் பெயர். முதல் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது முழுப் பலன் தரும். ஆகவே அளவு கூடிவிட்டது என்று தெரிந்த அன்றே, உடம்பு நன்றாக இருந்தாலும், அட்டைகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தாமதமாகத் தெரிந்தாலும் போங்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரலின் நிலை தெரிந்துவிடும்.

இன்னொரு வழியிலும் இந்தத் தவறு நடக்கிறது. ஓபியாய்டு உடம்புக்குப் பழகிப்போய் வலி கேட்காமல் போகும்போது, மாத்திரை எண்ணிக்கையைத் தாமாகவே கூட்டுகிறார்கள். ஓபியாய்டுக்காகக் கூட்டும்போது பாராசிட்டமாலும் கூடவே ஏறுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல், சீட்டுக்குத் தரப்படும் கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 325 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டதற்குக் கல்லீரல் பாதிப்பே காரணம். ஆனால் 500 மி.கி. உள்ள கூட்டு மாத்திரைகளும் உலகில் புழக்கத்தில் இருக்கின்றன. 30 மி.கி. கோடீனும் 500 மி.கி. பாராசிட்டமாலும் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மாத்திரையில் பாராசிட்டமால் சரியாக 4,000. அதற்கு மேல் ஒரு சளி மாத்திரைக்குக்கூட இடமில்லை.

ஒரு தாளில் நேரம், மாத்திரை, அதிலுள்ள பாராசிட்டமால் மி.கி. என்று எழுதி வையுங்கள். 24 மணி நேரம் என்பது நள்ளிரவில் புதிதாகத் தொடங்குவதில்லை. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

கேள்வி: மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆகியும் வலி குறையவில்லை என்றால் இன்னொன்று போடலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலானவை வேலையைத் தொடங்கவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ரத்தத்தில் முழு அளவுக்கு ஏற அதைவிட அதிக நேரம் பிடிக்கும். முக்கால் மணியில் இரண்டாவதைப் போட்டால், முதலாவது உச்சத்துக்கு வரும் நேரத்தில் இரண்டாவதும் சேர்ந்து ஏறும். வலி அடங்கினாலும் மூச்சும் மந்தமாகும். சீட்டில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று இருந்தால், வலி எவ்வளவு இருந்தாலும் அந்த இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

சொன்ன அளவு கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து ஆகியவை இல்லாதவர்களுக்கு இபுபுரூஃபன் போன்ற வேறு வகை மருந்தைச் சேர்த்துத் தர அவரால் முடியும். கூட்டு மாத்திரையிலேயே இபுபுரூஃபன் இருந்தால் இது பொருந்தாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மாவுக்கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரல் மரத்துப்போகிறது, வெளுக்கிறது என்றால் அது மாத்திரை போதாத வலி அல்ல. கட்டு இறுகியிருக்கலாம், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேளை தவறிவிட்டால் ஞாபகம் வந்ததும் ஒன்று போட்டு, அடுத்த இடைவெளியை அங்கிருந்து எண்ணுங்கள். இரண்டு வேளைக்கு உரியதை ஒன்றாகப் போடக் கூடாது.

கேள்வி: இடுப்பு எலும்பு முறிந்த என் அப்பாவுக்கு 72 வயது. கோடீனும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை தருகிறோம். பல வருடமாகத் தூக்கத்துக்கு அல்பிரசோலம் போடுகிறவர். இரண்டு நாளாகப் பகலிலும் தூங்குகிறார், குறட்டை வழக்கத்தைவிடப் பலமாக இருக்கிறது. வலி குறைந்து நிம்மதியாகத் தூங்குகிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையைத் தருவதற்கு முன்னால் டாக்டரிடம் பேசிவிடுங்கள். அசந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று பாசத்தால் விட்டுவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் மிக ஆபத்தான தவறு.

மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதி ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது 'மூச்சு விடு' என்று ஆணையிடுவது அதுதான். ஓபியாய்டு அந்தப் பகுதியை மந்தமாக்குகிறது. அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்ற மாத்திரைகள் வேறு வழியாக மூளையை மந்தமாக்குகின்றன. இரண்டும் சேரும்போது ஒவ்வொன்றும் தனியாகச் செய்வதைவிட ஆபத்து வெகுவாகக் கூடுகிறது. மதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரகாபலின், தசை இறுக்கத்துக்கான மாத்திரைகள், தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்துகள், கோடீன் உள்ள இருமல் சிரப் எல்லாவற்றையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலத்த குறட்டைக்குக் காரணம், தளர்ந்த தொண்டையில் காற்றுப் பாதை பாதி அடைபடுவது. ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கும் இது இரட்டை ஆபத்து. வயதானவர்களின் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் கோடீனின் சிதைவுப் பொருள்களும் உடம்பிலேயே தேங்கும். முதல் நாள் பொறுத்த அதே அளவு, மூன்றாம் நாள் பொறுக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். அளவையோ இடைவெளியையோ மாற்ற வேண்டுமா, சிறுநீரகப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். ஆனால் அல்பிரசோலத்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பல வருடம் போட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு முறை உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள். விழித்துச் சரியாகப் பதில் சொல்கிறாரா? பிறகு அவர் அமைதியாக இருக்கும்போது மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், மூச்சு ஒழுங்கில்லாமல் வரும்போது அந்தக் கணக்கு ஏமாற்றும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 10-க்குக் கீழே போனால் உடனே மருத்துவ உதவி தேவை. எழுப்பினாலும் எழவில்லை, கண் பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது, உதடும் நகமும் நீலம் பாய்கிறது, தொண்டையில் கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் எண்ணிக்கொண்டு நிற்காமல் ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் முகவாயை உயர்த்தி வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். நாடித்துடிப்பும் தெரியவில்லை என்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள்.

ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து மூக்கு ஸ்பிரேயாகக் கிடைக்கும் இடங்களில், இப்படி இரண்டு மருந்து சேர்த்துப் போடுபவர் உள்ள வீட்டில் அது ஒன்று இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு மூக்குத் துளையில் ஒரு முறை அடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் விழிக்கவில்லை என்றால் அடுத்த துளையில் இன்னொன்று. விழித்துவிட்டாரே என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நலாக்ஸோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஓபியாய்டு அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும், மறுபடியும் மூச்சு மந்தமாகலாம். அல்பிரசோலத்தையோ மதுவையோ நலாக்ஸோன் முறிக்காது. டிரமடாலையும் ஓரளவுதான் முறிக்கும்.

கேள்வி: மாத்திரை தொடங்கி ஐந்து நாளாக மலம் கழிக்கவில்லை. இசப்கோல் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஓபியாய்டால் வரும் குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகியவை சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. மாத்திரை இருக்கிறவரை அதுவும் இருக்கும். குடல் சுவரிலும் ஓபியாய்டு ஏற்பிகள் இருப்பதால், குடலைத் தள்ளும் அசைவு குறைந்து, மலத்திலுள்ள நீர் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. அசையாத குடலில் இசப்கோல் போன்ற நார்ப்பொருளை அடைத்தால் அது உப்பி அங்கேயே நிற்கும். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அடைப்பே வரலாம். குடலைத் தூண்டும் சென்னா அல்லது பிசாகோடைல், இல்லையென்றால் நீரை இழுத்து வைக்கும் மேக்ரோகால் அல்லது லாக்டுலோஸ், இவற்றில் எது உங்களுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்குங்கள். வலி மாத்திரை தொடங்கும் நாளிலேயே இதையும் தொடங்கியிருக்க வேண்டும். ஐந்து நாள் ஆன பிறகு வயிறு உப்பி, வாந்தியும் இருந்து, காற்றுக்கூடப் பிரியவில்லை என்றால் பேதி மருந்து போட்டுப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் சாப்பிடுகிறேன். பல் டாக்டர் டிரமடால் கலந்த மாத்திரை எழுதியிருக்கிறார். அவரிடம் செர்ட்ராலின் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும், முதல் மாத்திரை போடுவதற்கு முன்னால். டிரமடால் ஓபியாய்டாக மட்டும் வேலை செய்வதில்லை, செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளையும் கூட்டுகிறது. செர்ட்ராலினும் அதையே செய்கிறது. சேரும்போது சிலருக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, கால் தசை தானாகத் துடிப்பது என்று தொடங்கி, கடும் காய்ச்சலும் குழப்பமும் வரை போகலாம். வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. முன்பே வலிப்பு வந்தவர்கள் டிரமடாலைத் தவிர்ப்பதே நல்லது.

ஃபுளூவாக்ஸெடின், பராக்ஸெடின் சாப்பிடுபவர்களுக்குக் கோடீன் வேறு விதமாக ஏமாற்றும். கோடீன் தானாக வலியைக் குறைப்பதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மார்ஃபினாக மாற்றிய பிறகுதான் வேலை செய்யும். அந்த நொதியை இந்த மருந்துகள் தடுத்துவிடுகின்றன. வலி கேட்கவில்லையே என்று எண்ணிக்கையைக் கூட்டினால் முதல் கேள்வியில் சொன்ன பாராசிட்டமால் சிக்கலுக்குத்தான் போய்ச் சேருவீர்கள். ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் போடுபவர்கள் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கும் சில பூஞ்சை மருந்துகளும் ஓபியாய்டின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். புது மருந்து எதை எழுதினாலும், இப்போது சாப்பிடும் எல்லா அட்டைகளையும் மேசை மேல் வைத்துக் காட்டுங்கள். நினைவிலிருந்து சொல்லும்போது தூக்க மாத்திரையும் மனநல மருந்தும்தான் விட்டுப்போகின்றன.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு டான்சில் அறுவை நடந்தது. வலி தாங்காமல் அழுகிறான். என்னிடமுள்ள கோடீன் மாத்திரையில் கால் பங்கு தரலாமா?

பதில்: தரவே கூடாது. மேலே சொன்ன நொதி சிலருக்குப் பிறப்பிலேயே மிக வேகமாக வேலை செய்யும். அவர்கள் உடம்பில் சின்ன அளவு கோடீன்கூடச் சட்டென்று பெரிய அளவு மார்ஃபினாகிவிடும். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. டான்சில் எடுத்த குழந்தைகள் இப்படி மூச்சு நின்று இறந்ததால்தான், 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாது என்றும், டான்சில் அறுவைக்குப் பிறகு 18 வயது வரை கூடாது என்றும் அமெரிக்காவில் 2017-ல் அறிவித்தார்கள். குழந்தையின் எடைக்குக் கணக்கிட்ட பாராசிட்டமாலும், டாக்டர் சரி என்றால் இபுபுரூஃபனும், நேரம் தவறாமல் கொடுத்தால் பெரும்பாலும் போதும். தாய்ப்பால் கொடுப்பவர்களும் கோடீன், டிரமடால் இரண்டையும் தவிர்க்க வேண்டும். பால் வழியாகக் குழந்தைக்குப் போகும்.

கேள்வி: மாத்திரை பெரிதாக இருக்கிறது. பொடித்துத் தண்ணீரில் கலக்கலாமா?

பதில்: சாதாரண மாத்திரையை, மருந்தாளுநர் சரி என்றால், கலக்கலாம். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக வெளிவர வேண்டிய முழு அளவும் பொடித்தால் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். அதில் சிலவற்றை மதுவும் இதேபோல் உடைத்துவிடும்.

கேள்வி: விபத்துக்குப் பிறகு ஆறு வாரமாக ஒரு நாளைக்கு ஆறு கூட்டு மாத்திரை. வலி பெரும்பாலும் போய்விட்டது என்று நிறுத்தினேன். மறுநாளே மூக்கு ஒழுகல், கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லை. நான் அடிமையாகிவிட்டேனா?

பதில்: இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது, வெட்கப்படவும் எதுவுமில்லை. வாரக்கணக்கில் ஓபியாய்டு எடுத்த எந்த உடம்பும் அதற்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். திடீரென்று நிறுத்தினால் நீங்கள் சொன்ன எல்லாமும் வரும். குறைந்த நேரமே வேலை செய்யும் மாத்திரைகளில் கடைசி வேளைக்குப் பிறகு 8 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வந்து, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். அடிமைத்தனம் வேறு: வலி இல்லாதபோதும் மாத்திரைக்காக மனம் அலைவது, வேலையும் உறவும் கெட்டும் நிறுத்த முடியாமல் இருப்பது, இரண்டு டாக்டரிடம் சீட்டு வாங்குவது, எண்ணிக்கையை வீட்டில் மறைப்பது. இவற்றில் ஏதாவது உங்களிடம் இருந்தால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது.

சில நாள் மட்டும் எடுத்தவர்கள் நேரடியாக நிறுத்தலாம். ஆறு வாரம் என்றால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வாரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் என்பது பொதுவான வேகம். ஆறில் ஒரு மாத்திரையைக் குறைத்தாலே அது 17 சதவீதம் ஆகிவிடும். அதனால் நடுவில் கோடு உள்ள மாத்திரையாக இருந்தால் அரை மாத்திரை வீதம் குறைக்கும் திட்டத்தை டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையில் இரண்டு மருந்து இருப்பது இங்கே உதவுகிறது: கூட்டு மாத்திரை ஒன்று குறையும் இடத்தில் வெறும் பாராசிட்டமால் ஒன்றை வைக்கலாம். வலிக்கான ஒரு மருந்து தொடரும், ஓபியாய்டு மட்டும் இறங்கும். மொத்த பாராசிட்டமால் கணக்கு மட்டும் தாளில் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: முழுதாக நிறுத்திச் சில வாரம் ஆன பிறகு வலி திரும்பினால் பழைய ஆறு மாத்திரைக்கு ஒரேயடியாகப் போகாதீர்கள். பழக்கம் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது.

கேள்வி: மீதி மாத்திரைகளைப் பத்திரமாக வைத்தால் அடுத்த முறைக்கு ஆகுமே?

பதில்: வைக்க வேண்டாம். இருக்கிற வரைக்கும் பூட்டும் அலமாரியில், எண்ணிக்கை எழுதி வையுங்கள். தேவை முடிந்ததும் திரும்பப் பெறும் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ கொடுத்துவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடோ பயன்படுத்திய காபித்தூளோடோ கலந்து, மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அட்டையோடு அப்படியே எறிந்தால் குழந்தையோ வேறு யாரோ எடுக்கக்கூடும். காலிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் உங்கள் பெயரையும் கிழித்துவிடுங்கள்.